நான் போட்ட கோடு

அப்பாவுக்கு டைமிங் லைட் தேவைப்பட்டதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு விரலால் மெல்லத் திருப்புவார். ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். பிளக்கில் தீப்பொறி விழவேண்டிய நொடி அதுதான் என்று அவர் காது சொல்லிவிட்டது என்று அர்த்தம். கசார்வாடியில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய தகரக் கொட்டகையில், அந்தக் காதை நம்பித்தான் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது. அதில் சித்தப்பாவுக்கு எவ்வளவு கசப்பு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாவது படித்தபோது, ஒரு சாஹேப் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். சீமையிலிருந்து வந்த விலாயதி வண்டி, இரண்டே சீட்டு, வயதில் அப்பாவைவிட மூத்தது. அவர் பங்களாவில் இதைப்போல இன்னும் ஆறு நின்றன. இதைச் சரியாக ஓடவைக்கும் மெக்கானிக்கையே எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை. வாழ்க்கையில் அவர் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த வேலைக்குத்தான்.

கருகிய பாயிண்ட்டை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். வண்டி திக்குவது நின்றது. கடைசியில் டைமிங். அன்றைய பம்ப் பெட்ரோலின் லட்சணம் தெரிந்தவர் என்பதால், புத்தகத்தில் உள்ளதைவிட ஒரு மயிரிழை தாமதமாகவே தீப்பொறி விழும்படி வைத்தார். தீப்பொறி முந்திக்கொண்டால் சமதரையில் வண்டி துள்ளிக்கொண்டு போகும். மலையேற்றத்தில் எஞ்சின் தன்னையே அடித்துக்கொள்ளும். பிறகு என் வேலை. அம்மாவின் சிவப்பு நகப்பாலிஷால், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து எஞ்சின்மேல் வரை ஒரே கோடு இழுக்கவேண்டும். குலுங்கலில் டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கொட்டகையில் எந்த வண்டி வந்தாலும் அந்தக் கோடு நான்தான் போடுவேன். எனக்கு அதில் மகா கர்வம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காத்ரஜ் காட் மலைப்பாதையில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் அப்பா ஃபேன் பெல்ட் வாங்க பிம்ப்ரிக்குப் போனதும், சித்தப்பா பானெட்டைத் தூக்கினார்.

“அண்ணனுக்கு எதுலயும் பயம். கொஞ்சம் ஏத்தி வெச்சா வண்டி எப்டி பறக்குது பாரு” என்று தீப்பொறி முந்தும் பக்கமாக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். எஞ்சினின் குரல் உற்சாகமாக உயர்ந்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. தின்னர் துணியால் என் கோட்டைத் துடைத்தார். “இப்ப புதுசா போடு. அப்பாகிட்ட சொல்லாத, நாளைக்கு அவரே அசந்துபோவட்டும். என்மேல சத்தியம்?”

சத்தியம் செய்தேன். கோட்டையும் போட்டேன். முதலில் போட்டதைவிட நேராகவே வந்தது.

ஞாயிறு காலை சாஹேப் ஓட்ட, அப்பா பக்கத்தில். நானும் சித்தப்பாவும் ஸ்கூட்டரில் பின்னால். ஊருக்குள் கார் பறந்தது. காட் ரோட்டில் மூன்றாவது வளைவு ஏறும்போதே, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். இழுவை போய், ரேடியேட்டர் கொதித்து, ஓரமாக நின்றது. அப்பா பானெட்டைத் திறந்து முதலில் என் கோட்டைத்தான் பார்த்தார். நூல் பிடித்ததுபோல முழுசாக இருந்தது. ஆகவே டைமிங் சரி என்று அதை விட்டுவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றினார், ஜெட்டை ஊதினார், பெட்ரோலை மோந்து பார்த்தார். எஞ்சின் ஆறியதும் மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அதே சத்தம். சாஹேப் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதுவரை மரத்தடியில் நின்றிருந்த சித்தப்பா, “நான் கொஞ்சம் பாக்கட்டுமாண்ணா?” என்று பணிவாகக் கேட்டார். கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பி இறுக்கினார். கோடு உடைந்தது. கார் முனகாமல் மலை உச்சிவரை ஏறிப் போய்த் திரும்பி வந்தது. சாஹேப் இறங்கியதும் சித்தப்பாவின் தோளைத் தட்டினார். “கல் ஸே தும் ஆ ஜாவோ” என்றார். நாளையிலிருந்து அந்த வேலை சித்தப்பாவுக்கு. நம் வீட்டு ஆள்தானே ஜெயித்தார் என்று நான் கைதட்டினேன். என்னைப் பெற்றவர் எண்ணெய்க் கையோடு அங்கேயே நிற்க, நான் கைதட்டினேன்.

சித்தப்பா இன்று விமான் நகரில் சௌகரியமாக இருக்கிறார். கல்யாண வீடுகளில் காத்ரஜ் கதையைச் சொல்வார், எல்லோரும் ரசிப்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவரைக் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கிறது. கேட்டால் முதல் பதில் நான் சொல்லவேண்டியிருக்கும். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அப்பா, ஸ்கூட்டருக்கு டைமிங் வைத்தால்கூட, பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு, “நீ ஒரு தடவ கேட்டுச் சொல்லுப்பா” என்பார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார்.

அந்த ஞாயிறு மாலை நானும் அப்பாவும் லோக்கல் ரயிலில் தேஹு ரோடு வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “கோடு நீதானே போட்ட?” என்றார்.

“ஆமாம்ப்பா.”

“நான் வெச்ச எடத்துலதானே?”

சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. அதைவிட, திட்டுவாரோ என்ற பயம். “அதே எடத்துலதான்” என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். “உம்மேல தப்பில்ல கண்ணு. எனக்குத்தான் இப்பல்லாம் சரியா கேக்க வரல” என்றார். திட்டு விழவில்லையே என்ற நிம்மதியில், ஸ்டேஷன் வரும்வரை அவர் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன்.