முதலில் படத்தை நீக்கச் சொன்னோம்

நான் ஓய்வுபெற்ற அரச நிர்வாக அலுவலர். எந்த முறைப்பாட்டை எங்கே, எப்படிச் செய்வது என்பது எனக்கு அத்துப்படி. அந்தக் கெட்டித்தனத்தால் போன வருடம் தங்கையின் மகனை இழந்திருப்போம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மெல்பேர்னிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணை, நிரோஷன்ரை படம் பேஸ்புக்கிலை. குடிச்சுப்போட்டுப் புல்லுக்கை கிடக்கிறான். எங்கடை சனம் பார்க்க முதல் அதை அழிப்பியுங்கோ!"

சிட்னியில் அவன் தங்கியிருந்த பல்கலைக்கழக விடுதியில் அன்று பகல் புதியவர்களுக்கு வரவேற்பு விருந்தாம். முகத்தில் பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். நான் பேஸ்புக்குக்கு முறையிட்டேன். படம் போட்ட நண்பன் கவினின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப்பிடித்துக் கண்டித்தேன். படம் மறைந்தது. தங்கை அழுகையை நிறுத்தினாள். நான் மனைவியிடம் தேநீர் கேட்டேன்.

தேநீர் வரவில்லை. "படம் கிடக்கட்டும். பெடியன் எழும்பிட்டானோ?" என்றாள் மனைவி.

அதைத் தங்கையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கவினை மறுபடி அழைத்தேன்.

"நல்ல நித்திரை அங்கிள், சில் பண்ணுங்கோ."

"உலுப்பிப் பார்."

உலுப்பினான். குரல் மாறியது. "அங்கிள், எழும்புறானில்லை."

உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் செய்தேன். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கத் தொடங்கியிருந்ததாக வைத்தியர் சொன்னார். பிழைத்துவிட்டான்.

இப்போது யார் பிள்ளையின் படம் இப்படி வந்தாலும், "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கூப்பிட்டால் கண் திறக்கிறானா?" என்று முதலில் கேட்கிறேன். இல்லையென்றால் ஆம்புலன்ஸ்தான். குடும்ப மானம் தொடர்பான முறைப்பாடுகளைத் திங்கட்கிழமை, அலுவலக நேரத்தில் ஏற்றுக்கொள்கிறேன்.