பத்து ஆட்டம் என்றவர்

ரங்கூனில், லத்தா பகுதியில், எனக்கு முடிவெட்டியவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் சலூன் அண்ணன். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத அடர்ந்த மீசை. ரேடியோவில் கால்பந்து வர்ணனை தொடங்கினால் அவர் கத்தரி நின்றுவிடும். பாதி வெட்டிய தலையோடு நாமும் காத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் லீக் தொடங்குமுன் நாங்கள் நாலு சினேகிதர்கள் அவரோடு பந்தயம் கட்டுவோம். அவருடைய அபிமானத் துறைமுக அணி மொத்தம் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்? "பத்து" என்பார். அது நாலைத் தாண்டாது. தோற்றவர் மற்றவர்களுக்கு மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கித் தரவேண்டும். வருஷா வருஷம் அவர்தான் வாங்கித் தந்தார்.

அறுபதுகளின் நடுவில் நம்மவர்கள் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர் எங்களை மொகிங்கா கடைக்கு அழைத்துப்போனார்.

"லீக் இன்னும் முடியலையே அண்ணே?" என்றேன்.

"நாளைக்கு எனக்குக் கப்பல் தம்பி. ஜெயிச்சா நீங்க எங்க வந்து வாங்கித் தருவீங்க? தோத்ததாவே வச்சுக்குவோம், சாப்பிடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கடைசி ஆட்டத்தைத் தேநீர்க்கடை ரேடியோவில் கேட்டோம். துறைமுக அணிக்கு அது பத்தாவது வெற்றி. நாலு பேரும் எழுந்து நின்று கூச்சல் போட்டோம். யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது என்று அப்புறம்தான் தோன்றியது. அவர் எந்த ஊருக்குப் போனார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.