முதல் ரவுண்டு எங்களுக்குப் பை

எங்க பெரிய மகள் எட்டாவது படிச்ச வருசம் அது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். அந்த வருசம் நான் ஒரே ஒரு காரியத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஆடற ஹாக்கி டீம் தோக்கணும். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதறதுக்கே இப்பவும் கூச்சமாத்தான் இருக்குது.

சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் எங்க வீடு நாலாவது. அவர் மில்லில் ரிங் பிரேமில் இருந்தார். ஓடிக்கிட்டே இருக்கிற மிஷினில் நூல் அறுந்தால் உடனே பார்த்து ஒட்டிவிடணும், அதுதான் வேலை. ஷிப்டு முடிஞ்சு வந்ததும் தலையில் ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டாமல் மட்டையைச் சைக்கிளில் கட்டிக்கிட்டுக் கிளம்பிருவார். டீமில் அவர்தான் கோலி. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்னு வர்ற பந்தையெல்லாம் தடுக்கணும். காலுக்குப் பேடு இருந்தது, கைக்குக் கிளவுஸ் இருந்தது. மூஞ்சிக்கு மாட்டற கூண்டு பெரிய டீம்காரங்ககிட்டதான் இருக்குமாம். இவங்ககிட்ட இல்லை.

அதுக்கு முந்தின வருசம் ஒரு பந்து அவருடைய இடது கண்ணில் அடிச்சுப்போட்டது. கல்லு மாதிரி இருக்கும் அந்தப் பந்து. பத்து நாளுக்குக் கண்ணே திறக்கலை. கண் ஆஸ்பத்திரிக்கு நானும்தான் கூடப் போனேன். ஆனால் டாக்டர் ரூமுக்குள் வரக் கூச்சப்பட்டுக்கிட்டு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துட்டேன். வெளியே வந்து அவர்தான் சொன்னார்.

"இன்னொருக்கா அதே எடத்துல அடி பட்டாக் கண்ணு போயிருமாமா. இப்போதைக்குப் பயமில்லையாமா."

அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. ஆடறதை விட்டுப்போடுங்கன்னு எத்தனையோ தடவை கேட்டேன். காதில் வாங்கலை. ஒரு வாரம் வெறும் ரசமும் சோறும் மட்டும் ஆக்கி வெச்சேன். கோபத்தைக் காட்ட எனக்கு வேற வழி தெரியாது. எட்டாம் நாள் தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சொன்னார்.

"சரி அம்மிணி. இந்த நாக் அவுட் மட்டும் ஆடிக்கறேன். என்னைக்குத் தோக்கறமோ அன்னைக்கு மட்டைய வெச்சர்றேன். சத்தியம்."

நாக் அவுட்னா என்னன்னு அவர்கிட்டக் கேக்கக் கூச்சம். பக்கத்து வீட்டு அக்காகிட்டக் கேட்டேன். அவங்க வீட்டுக்காரர்தான் டீம் கேப்டன். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவாங்க, என்கிட்ட மட்டும் தமிழில் திட்டுவாங்க.

"இது கூடத் தெரியாதா? ஒருக்காத் தோத்தா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊட்டுக்கு வர வேண்டியதுதான். ரெண்டாந் தடவைங்கற பேச்சே இல்ல. கோயமுத்தூரு, ஈரோடு, சேலம் எல்லாப் பக்கமிருந்தும் டீமு வருது. எல்லாம் நம்மளாட்ட ரெண்டாம் டிவிஷன். செயிச்சா மொத டிவிஷனுக்கு ஏத்திருவாங்க. எங்கூட்டுக்காரரு அதுக்காகவே உசுர வெச்சிருக்கறாரு. நல்லா வேண்டிக்க அம்மிணி."

"சரிங்கக்கா"ன்னேன்.

வேண்டிக்கத்தான் செஞ்சேன். அன்னைக்குப் பொழுதோட விளக்குப் பத்த வெச்சு அவிநாசி அம்மனை நினைச்சுக்கிட்டேன். இவங்க சீக்கிரம் தோத்துப்போகட்டும் தாயே, தோத்தால் உனக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தறேன். கண்ணுக்காக வேண்டிக்கறவங்க ரெண்டு கண் அடிச்ச வெள்ளித் தகடு வாங்கிச் சாமிக்குச் சாத்தறது எங்க பக்கம் வழக்கம். ஆனால் புருசன் தோக்கணும்னு யாராவது கண்மலர் வேண்டியிருப்பாங்களான்னு எனக்குத் தெரியலை.

முதல் ரவுண்டு ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில் போனவர் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துட்டார். சட்டையில் ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. மட்டையைச் சுவரில் சாய்ச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

"எங்களுக்குப் பை அம்மிணி."

எனக்கு ஒண்ணும் ஓடலை. கையைப் பார்த்தேன். சைக்கிளைப் பார்த்தேன். பை எதுவும் இல்லை.

"குடுத்துட்டாங்களாங்க?"

"ம். கேக்காமயே குடுத்துட்டாங்க."

"எல்லாத்துக்குமாங்க?"

"அதெப்படி? எங்க டீமுக்கு மட்டுந்தான்."

கலியாண வீட்டில் சாப்பிட்டு முடிஞ்சு கிளம்பறப்ப வாசலில் ஒரு பை கொடுப்பாங்க. தேங்காய், வெத்தலை பாக்கு போட்ட மஞ்சப்பை. அது கைக்கு வந்துட்டால் நம்ம வேலை முடிஞ்சது, இனி வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச பை அதுதான். அவ்வளவு தூரம் வந்த டீமை வெறுங்கையோட அனுப்பாமல், தோத்தவங்களுக்குப் பை கொடுத்து மரியாதையா அனுப்பிச்சிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன். சிரிக்கிறாரே, வருத்தத்தை மறைக்கத்தான் சிரிக்கிறார்னு பட்டது. அந்தப் பை எங்கேன்னு கேட்டால் இன்னும் வருத்தப்படுவாரேன்னு கேக்கலை.

"போனாப் போகுதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க"ன்னேன்.

"எதை வெச்சுக்காத?"

"ஒண்ணுமில்லைங்க. கை கழுவுங்க, சோறு போடறேன்."

அன்னைக்குக் கோழிக் கொழம்பு வெச்சேன். அவர் ரெண்டு தடவை போட்டுக்கிட்டுச் சாப்பிட்டார். என்ன விசேசம்னு கேட்டார். சும்மாதான்னேன்.

வெள்ளிக்கிழமை, அத்தை வீட்டுக்குப் போறதாச் சொல்லிட்டு அவிநாசி பஸ் ஏறினேன். கோயில் வாசலில் கண்மலர் வாங்கிச் சாத்தினேன். பிரகாரத்தைச் சுத்தி வந்து உட்கார்ந்தப்ப நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் எறங்கினாப்பல இருந்தது.

திரும்பி வந்தால் அக்கா வாசலிலேயே நிக்கிறாங்க.

"எங்க போயிட்ட நீயி? நாளைக் கழிச்சு ஈரோட்டுக்காரங்க கூட மேட்சு. உங்கூட்டுக்காரரு பேட நல்லாத் தொடச்சு வையி."

"அதான் முடிஞ்சு போச்சுல்லங்கக்கா?"

"என்ன முடிஞ்சு போச்சு?"

"பை குடுத்துட்டாங்கன்னாரே."

அக்கா ஒரு நிமிசம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் வந்த சிரிப்பில் கண்ணிலிருந்து தண்ணி கொட்டுது. லைன் வீடு மொத்தமும் வெளியே வந்துடுச்சு. டீம் கணக்கு ரெட்டைப்படையில் வராதப்ப, சீட்டுக் குலுக்கி ஒரு டீமை ஆடாமலே அடுத்த ரவுண்டுக்கு அனுப்புவாங்களாம். அதுக்கு இங்கிலீசில் பைன்னு பேராம். அன்னையிலிருந்து ஒரு மாசத்துக்கு நான் கடைக்குக் கிளம்பினால் போதும், "அம்மிணி, பை இருக்குதா? இல்ல கமிட்டிகிட்டச் சொல்லி வாங்கித் தரட்டுமா?"ன்னு குரல் வரும். அவரும் சிரிச்சார். நானும் சிரிச்சேன். எனக்குள் இருந்த குழப்பம் யாருக்கும் தெரியாது.

வேண்டுதல் தோத்தால்னுதான். தோக்காமலே சாத்தியாச்சு. அம்மன் அதை என்னன்னு எடுத்துக்குவா? இவங்க ஆடாமல் தப்பிச்சதுக்குன்னு நினைச்சுக்கிட்டு, நல்லது, இவளுக்கு இதுதான் வேணும் போலன்னு டீமைத் தூக்கி விட்டுட்டாள்னா? அப்படித்தான் ஆச்சு. ஈரோட்டுக்காரங்க தோத்தாங்க. அடுத்து சேலத்துக்காரங்களும் தோத்தாங்க. ஒவ்வொரு தடவையும் அக்கா சர்க்கரை கொண்டாந்து என் வாயில் போட்டாங்க. முழுங்கறப்பவே அடுத்த ஞாயித்துக்கிழமை நெஞ்சில் வந்து உட்கார்ந்துக்கும். ஜெயிச்சுட்டு வர்ற புருசனைப் பார்த்து முழுசாச் சந்தோசப்படவும் முடியலை, அழவும் முடியலை. முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். நல்லாத்தான் இருக்கும்.

அரை இறுதி போத்தனூரில். நான் வரலைன்னேன். அக்கா விடலை. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

"உங்கூட்டுக்காரரு நிக்கறத ஒரு நாளாவது வந்து பாரு அம்மிணி. மலையாட்ட நிப்பாரு."

மைதானத்தில் ஒரு புல்லுகூட இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதுக்கடியில் எங்க ரெண்டு பேரையும் தவிரப் பொம்பளைங்களே இல்லை. முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு உட்கார்ந்தேன். அவர் முதுகுதான் தெரிஞ்சது. பந்து எங்கே போகுதுன்னே எனக்குப் புரியலை. விசில் ஊதினால் எல்லாரும் நிக்கறாங்க, அப்புறம் என்னத்துக்கோ எதிர்ப்பக்கம் அடிக்கறாங்க. அக்கா கத்தறப்ப நல்லதா கெட்டதான்னு தெரியாமல் அவங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பந்து இவர் பக்கம் வர்றப்பெல்லாம் கண்ணை மூடிக்குவேன். சத்தம் அடங்கினதும் திறப்பேன். ரெண்டு டீமும் கோல் போடலைன்னு அக்கா சொன்னாங்க.

பொழுது சாயற நேரம். முடிய இன்னும் அஞ்சு நிமிசம்தான்னாங்க. எதிர் டீம்காரர் ஒருத்தர் இடது ஓரமாப் பந்தைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார். அடிக்கக்கூட இல்லை, சும்மா தள்ளினார். அது வேகமில்லாமல் உருண்டு வந்தது. கண்ணை மூடணும்னே எனக்குத் தோணலை, அவ்வளவு மெதுவான பந்து. ஒரு எட்டு வெச்சுக் காலை நீட்டினால் நின்னிருக்கும். அவர் நகரவே இல்லை. நேரா முன்னால் பார்த்துக்கிட்டு, வரப்போற பந்துக்குக் காத்திருக்கிற மாதிரி குனிஞ்சு நின்னார். பந்து அவர் காலைத் தாண்டி உள்ளே போய்ப் பலகையில் தட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

அக்கா தலையில் கை வெச்சுட்டாங்க. கேப்டன் மட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடி வந்தார்.

"கண்ண எங்கப்பா வெச்சிருந்த? கொழந்தை கூடத் தடுத்திருக்குமேப்பா!"

இவர் அப்படியே உட்கார்ந்து பேடைக் கழட்ட ஆரம்பிச்சார்.

தோத்தாச்சு. நான் கேட்டது கிடைச்சாச்சு. இத்தனை நாள் காத்திருந்ததுக்கு உடம்பெல்லாம் லேசாகணும். ஆகலை. அந்தப் பந்து உருண்டு வந்ததே மனசில் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டு இருந்தது.

டீம்காரங்க எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறினாங்க. அக்காவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிட்டாங்க. இவர் அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம்னார். ஸ்டாப்பில் ஒரு அம்மா வித்த கொய்யாக்காயைக் கீத்துப் போட்டு வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் நான், எனக்கு வலது பக்கம் அவர். ஒரு கீத்தை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். வாங்கலை. வருத்தத்தில் இருக்கார்னு நினைச்சேன். இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"ஏனுங்க."

"ம்?"

"கொய்யாக்காய்ங்க."

"எங்க?"ன்னு தலையை முழுசாத் திருப்பினார். அப்பத்தான் கையைப் பார்த்தார்.

கல்யாணமாகிப் பதினஞ்சு வருசத்தில் அவரை நேராக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கிறேன்.

"எப்ப இருந்துங்க?"

கொய்யாக் கீத்தைக் கையில் வாங்கிக்கிட்டார்.

"அந்த அடியிலயே போயிருச்சு அம்மிணி. டாக்டர் அன்னைக்கே சொல்லிப்போட்டார். வெளிச்சம் மட்டும் தெரியும்."

"மில்லுலங்க?"

"ஒத்தக் கண்ணுலயே நூலு ஒட்டப் பழகிக்கிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப இன்னொரு அடி பட்டாப் போயிரும்னு எங்கிட்டச் சொன்னீங்களே?"

"போயிருச்சுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ பெஞ்சுல உக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த. போயிரும்னுதான் வந்துச்சு."

அப்ப நான் வருசம் முழுக்க எந்தக் கண்ணுக்காக வேண்டினேன்? இருக்கிற கண்ணுக்கா, இல்லாத கண்ணுக்கா? இருக்கிற ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அத்தனை பந்துக்கு முன்னால் நின்னாரே, அதுக்கு யார் வேண்டினது? ஒண்ணும் புரியலை. அழுகை வந்தது.

"எதுக்கு அழுவற? தோக்கணும்னுதான நெனச்சுக்கிட்டு இருந்த?"ன்னார். கோபமாச் சொல்லலை. எப்பத் தெரிஞ்சதுன்னு நான் கேக்கலை.

நான் எழுந்து அவரைத் தாண்டி வெளியே வந்தேன். அவரை உள்ளே நகரச் சொல்லிட்டு, அவருக்கு என்னைத் தெரியற வலது பக்கம் உட்கார்ந்துக்கலாம்னுதான் எழுந்தேன். எழுந்ததும் வேற மாதிரித் தோணுச்சு. தெரியாத பக்கம்தானே ஆள் வேணும், அங்கே யார் பார்க்கிறது? திரும்பி உள்ளே போறதா, இங்கேயே இருக்கறதா?

"ஏம்மா, ஓடற பஸ்ஸுல என்னம்மா எடம் மாத்திக்கிட்டு? ஒரு எடத்துல உக்காரும்மா"ன்னு கண்டக்டர் சத்தம் போட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

"உக்காரு அம்மிணி"ன்னு அவரும் சொன்னார்.

எந்தப் பக்கம்னு சொல்லலை. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிங்காநல்லூர் வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தேன்.