சீட்டு வரும் முன்னே

நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் செபாஸ்டின் இருபத்தாறு வருஷமாக ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவதிலிருந்து, சாயங்காலம் பறித்த பழத்தை எடை போடுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. மூட்டையைத் தராசில் ஏற்றி ஒரு முறை பார்ப்பார். இறக்கி, மறுபடி ஏற்றி இன்னொரு முறை பார்ப்பார். "ரைட்டரய்யா, நீங்க எழுதறதுக்குள்ள பழம் காஞ்சே போயிரும்ங்க" என்று பறிக்கிற பெண்கள் கேலி பேசுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இரண்டாம் முறை பார்க்காமல் எழுதியதில்லை.

கல்யாண விஷயத்திலும் அப்படித்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கலாவின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். எஸ்டேட் மிளகைக் கொண்டுபோய்ப் போட வியாழக்கிழமைதோறும் செபாஸ்டின் அங்கே போவார். மிளகை இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மலை ஏறிவிடுவார். எட்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் கல்லாவில் இருந்த கலாதான் கேட்டாள்: "ஏனுங்க, மிளகு குடுக்க மட்டுந்தான் வர்றீங்களா, இல்ல வேற ஏதாச்சும் கேக்கறதுக்கும் வர்றீங்களா?"

அவள் வீட்டில் சாமி வேறு, இவர் வீட்டில் சாமி வேறு. மூன்று வருஷம் இரண்டு பக்கமும் முகம் கொடுக்கவில்லை. பிறகு எல்லாம் சரியாயிற்று. இப்போது கலா ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். காப்பித் தூள், மிளகு, தேன், டூரிஸ்ட்டுகளுக்கு என்னென்ன பிடிக்குமோ எல்லாம் உண்டு.

செபாஸ்டினுக்குச் சீட்டு சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற சித்தன் ஒருநாள் தன் போனில் போக்கர் ஆட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் "மண்டை காயுதுங்க" என்று விட்டுவிட்டான். பக்கத்திலிருந்து பார்த்த செபாஸ்டினை அது விடவில்லை. ஆனாலும் பணம் வைத்து ஆட அவர் அவசரப்படவில்லை. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுத்தான் என்று 2023 கடைசியில் உயர் நீதிமன்றம் சொல்லும் வரை சும்மா ஆட்டம்தான் ஆடினார். தீர்ப்பு வந்த மறுவாரம், மாதம் ஐநூறு ரூபாய் என்று கலாவிடம் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே சின்ன கேஷ் டேபிளில் உட்கார்ந்தார்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு. அதை அவரவர் மட்டும் பார்க்கலாம். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு திறக்கும். அப்புறம் ஒன்று. கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்று சீட்டைப் போட்டுவிடலாம். கடைசிவரை நிற்கிறவர்களில் நல்ல ஐந்து சீட்டு சேர்ந்தவருக்கு நடுவில் இருக்கிற பணம். எல்லாரும் பயந்து சீட்டைப் போட்டுவிட்டால், மிச்சம் நிற்கிற ஒருவருக்கு எதையும் காட்டாமலே பணம் வந்துவிடும்.

இதில் 'டிரா' என்று ஒன்று உண்டு. கையில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிய கை. ஒரே இனத்தில், ஆர்ட்டின் என்றால் ஆர்ட்டினாகவே, நான்கு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பது, வரிசையாக நான்கு இருந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பது எல்லாம் டிராதான். செபாஸ்டினுக்கு இது வந்துவிட்டால் அவர் சுபாவம் அப்படியே வெளியே வரும். அடுத்தவர் கட்டுகிற பணத்தைத் தானும் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். சீட்டு வராவிட்டால் போட்டுவிட்டுப் போவார். வந்துவிட்டால் சடாரென்று ஏற்றுவார். உடனே டேபிளே காலியாகிவிடும். "அங்கிளுக்கு ஆர்ட்டின் வந்துருச்சு, எல்லாரும் ஓடுங்க" என்று யாராவது டேபிள் சாட்டில் எழுதுவார்கள்; அங்கே எல்லாருக்கும் அவர் அங்கிள். போகும்போது நிறையப் போகும், வரும்போது சில்லறைதான் வரும்.

ஒரு மழை மதியம் கலாவின் கடையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். கலா மிளகைப் பொட்டலம் கட்டியபடி ஒரு மணி நேரம் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க மூஞ்சிதான் அவங்களுக்குத் தெரியாதே, அப்புறம் எப்புடி கண்டுபுடிக்கறாங்க?"

"அதான் எனக்கும் தெரியல கலா."

"நீங்க காசுலயே சொல்லிப்போடறீங்க. சீட்டு வந்தாத்தான் ஏத்தறீங்க. கடை வாசல்ல ஒருத்தரு வந்து நிக்கறாரு. நான் விலையச் சொல்லாம அவரு வாயப் பாத்துட்டே நின்னா, அவரு சொல்றதுதான் விலை. சீட்டு வர்றதுக்கு முன்னாடியே நீங்க விலையச் சொல்லுங்க. அவன் பயந்துட்டுப் போனா அங்கயே முடிஞ்சுது. போகலைன்னாலும் சீட்டு வர இன்னும் எடம் கெடக்குது. ரெண்டு வழி இருக்கறப்ப ஏனுங்க ஒரு வழியிலயே நிக்கறீங்க?"

செபாஸ்டின் அவளை நிமிர்ந்து பார்த்தார். கலாவுக்கு ராஜாவுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அவர் ஐந்து மாதமாகப் பிடிபடாமல் தவித்த ஒன்றை அவள் மிளகு கட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காப்பி காயப்போடும் களத்து ஓரம், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், அவருக்கு நல்ல டிரா ஒன்று வந்தது. சீட்டுக்குக் காத்திராமல் ஏற்றினார். எதிராளி இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுச் சீட்டைப் போட்டுவிட்டான். கையில் ஒன்றுமே இல்லாமல் பணம் வந்துவிட்டது! செபாஸ்டின் எழுந்து களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்னங்க ரைட்டரே, பாம்பு கீம்பு ஏதாச்சும் பாத்தீங்களா?" என்று சித்தன் ஜீப்பிலிருந்து கத்தினான்.

ருசி கண்டுவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. நல்ல டிராவுக்கு ஏற்றியவர், அரைகுறை டிராவுக்கும் ஏற்ற ஆரம்பித்தார். நடுவில் ஒரே ஒரு குறிப்பிட்ட சீட்டு வந்தால்தான் வரிசை சேரும், கட்டிலேயே அது நாலுதான் இருக்கும் என்கிற கைக்கும் முழுப் பணத்தையும் தள்ளினார். எதிராளிகள் மடையர்கள் இல்லை. அங்கிள் மாறிவிட்டார் என்று கண்டுகொண்டு, கூடவே கட்டி நின்றார்கள். அந்த மே மாதத்து ஐநூறு எட்டாம் தேதியே தீர்ந்தது. இன்னொரு ஐநூறு போட்டார். அதுவும் போயிற்று. மறுபடியும் போட்டார். கோடை விழாக் கூட்டத்தில் கலா கடையை விட்டு நகர முடியாமல் இருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பேங்க் மெசேஜெல்லாம் கலாவின் போனுக்குத்தான் போகும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஆறு நாளா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருக்கறனுங்க."

செபாஸ்டின் தட்டை நகர்த்தி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"காசு போனது போகட்டும். இந்த ஊட்ல எங்கிட்ட மறைக்கற அளவுக்கு என்னங்க வந்துச்சு?" என்றாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"நீதான கலா ஏத்தச் சொன்னே" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"நல்ல மிளகுக்கு விலை சொல்லச் சொன்னனுங்க. பொக்கு மிளகுக்கும் அதே விலை சொன்னா எவன் மதிப்பான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனாலும் இரண்டு மாதம் அந்த ஆட்டத்தை அவர் திறக்கவில்லை. அவள் சொல்லி அல்ல, தானாகவே. அந்த இரண்டு மாதமும் பழைய துண்டுத்தாள்களின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டில் மிச்சமிருக்கிற எத்தனை சீட்டில் ஒன்று வந்தால் எனக்குக் கை சேரும்? நாலா, எட்டா, பன்னிரண்டா? பன்னிரண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்றுவது. குறைந்தால் மலிவாக நிற்பது, இல்லையென்றால் போட்டுவிடுவது. இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கலாவிடம் படித்தும் காட்டினார். பிறகுதான் மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இருவரும் ஸ்கூட்டரில் கரடியூர் போனார்கள். அங்கே பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டில் சிக்னல் நன்றாக இருக்கும். கலா வேர்க்கடலைப் பொட்டலத்தைக் குரங்குக்குத் தெரியாமல் முந்தானையில் மறைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

செபாஸ்டினுக்கு ஆர்ட்டின் ஒன்பதும் பத்தும் வந்தது. நடுவில் மூன்று சீட்டு திறந்தது: ஆர்ட்டின் ஜாக்கி, கிளாவர் ராணி, ஆர்ட்டின் மூன்று.

"கலா, இங்க வா, இங்க வா!"

"என்னங்க?"

"இன்னொரு ஆர்ட்டின் வந்தா எனக்கு. அது ஒம்பது சீட்டு இருக்குது. ராஜா வந்தாலும் எனக்கு, எட்டு வந்தாலும் எனக்கு. ரெண்டு தடவ எண்ணுனதக் கழிச்சா மொத்தம் பதினஞ்சு சீட்டு!"

"அப்புறம் எதுக்குங்க எங்கிட்டக் கேட்டுட்டு? விலையச் சொல்லுங்க."

எதிரே திருச்சி டைகர் என்ற பெயரில் ஆடுகிறவன் கட்டியிருந்தான். செபாஸ்டின் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் தள்ளினார். வாழ்க்கையில் இத்தனை நிதானமாக அவர் எதையும் தள்ளியதில்லை. டைகர் யோசித்தான். கலா கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் அவனும் கட்டினான். இருவர் சீட்டும் திறந்தது. அவனிடம் ஒரு ஏஸும் ஒரு ராணியும். இப்போதைக்கு அவன் ஜோடி ராணிதான் மேல். நான்காவது சீட்டு, கிளாவர் ஐந்து. கலா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சீட்டு, ஸ்பேட் இரண்டு.

அவ்வளவுதான். எல்லாம் போயிற்று.

செபாஸ்டின் போனை மடியில் வைத்துவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கலா அவர் முகத்தைப் பார்த்தாள். அழுவாரோ என்று பயந்தாள். ஆனால் அந்த முகத்தில் வருத்தமே இல்லை.

"நான் ஆடுனது சரிதான் கலா. இதே கை நூறு தடவ வந்தா நூறு தடவையும் இப்புடித்தான் ஆடுவேன். அம்பத்தஞ்சு தடவ நம்மளுது."

"மிச்ச நாப்பத்தஞ்சுல ஒண்ணு இன்னைக்கு வந்துருச்சாட்ட இருக்குதுங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் முந்தானை விலகி, குரங்கு பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது.

அதன் பிறகு ஏழு மாதம் நல்ல மாதங்கள். பெரிதாக வரவில்லை, பெரிதாகப் போகவும் இல்லை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையெல்லாம் தடைசெய்து மத்தியச் சட்டம் வந்தது. ஒருநாள் மதியம் டேபிள் திறக்கவே இல்லை. இருக்கிற பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. எடுத்துக்கொண்டார். பணத்தைவிட அவருக்குக் குறையாகத் தெரிந்தது அந்தப் பெயர்கள்தான். திருச்சி டைகர் யார், கல்யாணம் ஆனவனா, என்ன வேலை பார்க்கிறான், ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் எப்போது பயப்படுவான் என்று தெரியும். அப்படித் தெரிந்த ஒருவனிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ரைட்டர் சும்மா களத்து ஓரம் போய் நிற்கிறார் என்று சித்தன்தான் கலாவிடம் சொன்னான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், ஏரிப் பக்கம் ஒரு டூரிஸ்ட்டும் இல்லை. கலா கடைக்குள்ளிருந்து புதுச் சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து ஸ்டூலின் மேல் போட்டாள். ஆளுக்கு ஒரு கிண்ணம் மிளகும் வைத்தாள்.

"சொல்லிக் குடுங்க. எது பெருசு, எது சின்னது, மொதல்ல இருந்து."

ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். இரண்டாம் வாரத்திலிருந்து ஜெயிக்க ஆரம்பித்தாள். செபாஸ்டினுக்கு அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. கை இருந்தாலும் ஏற்றுவாள், கைக்குக் காத்திருக்கும்போதும் ஏற்றுவாள். முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

இன்னொரு மழை மதியம், நடுவில் மூன்று சீட்டு திறந்ததும் தன் கிண்ணத்தை அப்படியே முன்னால் நகர்த்தினாள். செபாஸ்டினிடம் ஜோடி ஜாக்கி. அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"கலா, உண்மையச் சொல்லு. கை இருக்குதா, இனிமேத்தான் வரணுமா?"

"நொம்ப யோசிக்காதீங்க. நிக்கறீங்களா, போடறீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள், நனைந்த குடையோடு ஒரு பெண் கடைக்குள் வந்து கால் கிலோ மிளகு கேட்டாள். கலா தன் இரண்டு சீட்டையும் ஸ்டூலின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தேன் பாட்டில்களை எடுத்துக் காட்டப் போனாள்.

"ஏனுங்க, நீங்க மிளகை எடை போடுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

தராசு ஸ்டூலுக்கு அந்தப் பக்கம். கவிழ்த்த இரண்டு சீட்டையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு விரலால் ஓரத்தைத் தூக்கினால் போதும். செபாஸ்டின் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, மழையைப் பார்த்தபடியே தராசுக்குப் போனார்.