மேசைக்குக் கீழே ஒரு கட்டில்

"கார்த்திகை 3, காலை. விரிசல் இதுவரை." திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கீழறையின் கூரையில், மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறது. ஸ்டூல் மேல் ஏறி எழுதியது நான். அந்த நாட்களில் அந்த அறையில்தான் முதல் பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் படுத்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு மேலே, மாடி அறையில், என் பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது.

மேசை விழுப்புரத்திலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் மாலையில் நான் போய் ஆடிய மனமகிழ் மன்றத்தை இடிக்கப்போவதாகச் சொன்னார்கள். மேசையை யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன். பச்சைத் துணிக்கு அடியில் கனமான கல் பலகைகள் இருப்பது ஆடுகிறவர்களில் பலருக்கே தெரியாது. இதில் மூன்று. ஒவ்வொன்றையும் தூக்க நாலு ஆள் வேண்டும். மாடி தாங்குமா என்று கட்டடக்கலைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தாங்கும் என்றுதான் வந்தது. ஆனால் புத்தகத்தில் இருப்பது ஒழுங்காகக் கட்டிய தளம். எங்கள் தளத்துக்குள் எவ்வளவு கம்பி போட்டிருக்கிறது என்பது கட்டிய மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர் இப்போது இல்லை.

ஐப்பசியில் வேலை அவசரமாக நடந்தது. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுவரைக் கொத்தக்கூடாது என்பதில் என் மனைவி விட்டுக்கொடுக்க மாட்டாள். வளைகாப்பு முடிந்து மகள் வாசல் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். கீழறையின் சுவருக்கும் கூரைக்கும் பட்டி மாவு பூசி வெள்ளையடித்தார்கள். மாடி அறைக்கு மனைவி தேர்ந்தெடுத்தது சந்தன நிறம். பச்சைத் துணிக்கு அது எடுப்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேசை பூட்டுவதற்கென்று சென்னையிலிருந்து வந்த பிட்டர் ரசமட்டம் வைத்துக் கல்லைச் சமன் செய்து, துணியை இழுத்துப் பிடித்து, ஓரம் முழுக்கச் சின்ன ஆணிகளாக அடித்தார். நீள விளக்கையும் மாட்டியாயிற்று. ஸ்கோர் பலகையும் ஆடுகிற கோலான க்யூவை நிறுத்தும் சட்டமும் மட்டும் மிச்சம். அதற்குள் மகள் வந்துவிட்டாள். இரண்டும் தரையிலேயே சுவரில் சாய்ந்து நின்றன.

நான் ஆடியது கொஞ்சம்தான். தலைக்கு மேலே சோழி உருட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது, கேட்க நன்றாயிருக்கிறது என்றாள் மகள். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலை அவளுக்குக் காபி கொடுக்கப் போனவன் அண்ணாந்து பார்த்தேன். புது வெள்ளையில் மயிரிழைபோல ஒரு கோடு.

அதற்கப்புறம் க்யூவைத் தொடவில்லை. மாடி அறையில் சுவரை ஒட்டியே நடந்தேன். நடுவில் காலை வைத்தால் ஏதாவது அசைகிறதா என்று நின்று கேட்பேன். காலையில் மகள் குளிக்கப் போனதும் டார்ச்சோடு ஸ்டூலில் ஏறிவிடுவேன். இடையில் புயல்மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட அன்று பார்த்தபோது கோடு என் பென்சில் குறியை ஒரு நகக்கண் அளவு தாண்டியிருந்தது. அல்லது நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததால் அப்படித் தெரிந்தது. இரண்டில் எது என்று சொல்ல முடியாமல்தான் எங்கள் தெருவில் இருக்கும் இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

அவர் விரலால் தட்டிப் பார்த்தார். "ஒரு அடிக்குப் பூச்சைக் கொத்திப் பாத்தா தெரிஞ்சிடும் சார். பூச்சோட நின்னா பயமில்ல. காங்கிரீட்டுலயும் இருந்தா மேல இருக்கிற பாரத்த எறக்கிடணும்."

"கொத்தறதெல்லாம் கொழந்த பொறந்தப்புறம் பாத்துக்கலாங்க" என்றாள் என் மனைவி. "அதுவரைக்கும் உளி இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கட்டிலை ஹாலுக்கு மாற்றலாம் என்றேன். மகள் அசையவில்லை. கழிவறை ஒட்டியிருக்கிற அறை அது ஒன்றுதான்.

"அது பழைய கோடுப்பா. பத்தாவது படிக்கச்சொல்ல தரையில மல்லாந்து படுத்துக்கினு அதைத்தான் பாத்துக்கினு இருப்பேன். ஜன்னல்கிட்ட ரெண்டாப் பிரியும், பாரு."

பார்த்தேன். ஜன்னலருகில் இரண்டாகத்தான் பிரிந்தது. பழைய விரிசலைப் பட்டி மறைத்து, மழை ஈரத்தில் மறுபடி திறந்திருக்கலாம். ஆனால் அதற்கு நேர் கீழே இத்தனை நாளாகப் படுத்திருப்பவளுக்கு அது எங்கே பிரிகிறது என்பது எப்படியும் தெரிந்திருக்கும். சமையலறையில் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்க மேசைக்கோசரம் சொல்றா. வேற இன்னாத்துக்கு?"

மேசையைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிரிப்பதென்றால் துணியின் ஆணிகளையெல்லாம் பிடுங்க வேண்டும். முறைப்படி அது சரியா என்று மனைவியிடமே கேட்டேன்.

"அடிக்கத்தான் கூடாது. புடுங்கறத யாரும் வேணாம்னு சொல்லல."

மகளுக்குக் கோபம். "நான் சொன்னா நம்ப மாட்டியாப்பா?"

"நம்பறேம்மா. தூக்கம் வரலியே."

அவளைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டுக் கல்லை இறக்கினோம். ஆட்கள் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்க, நான் கீழே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே நின்று என்ன செய்யமுடியும் என்று தெரியாமலே. ஆணி பிடுங்கியதில் துணி ஓரிடத்தில் கிழிந்தது. மூன்று கற்களும் கார் நிறுத்தும் இடத்தில் கோணிக்கு மேல் நிற்கின்றன.

தையில் பேத்தி பிறந்தாள். இப்போது அந்த அறையில் பச்சைக் குழந்தை இருப்பதால் தூசி எழுப்பக் கூடாது. பூச்சை இன்னும் கொத்தவில்லை. கல் இறங்கிய பிறகு விரிசல் நீளவில்லை. ஆனால் அதே வாரம் மழையும் நின்றுவிட்டதால் இதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெள்ளையடிப்பதற்கு முன் அந்தக் கூரையை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. என் மகள் பத்தாம் வகுப்பில் அந்தக் கோட்டைப் பார்த்தாளா என்பதற்கு அவள் வார்த்தையைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை. இதைச் சரிபார்க்கப்படாத செய்தி என்றே எழுதுகிறேன்.