கடைசி பெஞ்சில் துறைத் தலைவர்

ஓர் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறாரா என்பதை யார் பார்த்துச் சொல்வது? எழுபதுகளில், போடியில் ஒரு கல்லூரியில் பொருளாதார ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், ஒரு பாடவேளை என்மீது சுமத்திய கேள்வி இது.

அங்கு ஒருவர் வகுப்புக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. எல்லோரும் ஆங்கிலத்தில் நோட்ஸ் வாசிப்போம், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பாதிப் பேருக்கு அது புரியவில்லை என்று கண்டபின், நான் மட்டும் யாரையும் கேளாமல், ஏலக்காய் வியாபாரத்தை வைத்துத் தமிழில் விளக்கத் தொடங்கினேன். அது சரியா என்று எனக்கே உறுதியில்லை. ஆகவே துறைக் கூட்டத்தில், ஒருவர் வகுப்பில் இன்னொருவர் அமர்ந்து குறைநிறை சொல்லலாமே என்றேன்.

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். "நல்லதுதான் தம்பி. நாளைக்கு ஒங்க கிளாசுலேயே ஆரம்பிச்சிருவோம்."

வெளியே வந்ததும் சக ஆசிரியர் செல்வராஜ் என் கையைப் பிடித்தார். "ஏம்ப்பா, ஒன்னைய நிரந்தரம் பண்றதும் வீட்டுக்கு அனுப்புறதும் அவுக எழுதுற ரிப்போர்ட்டுலதான் இருக்கு. புரொபேஷன் முடியிறவரைக்கும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

என் சம்பளத்தில்தான் இரு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் துறைத் தலைவர் என் வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். விலையும் அளிப்பும், அதாவது விலையும் சந்தைக்கு வரும் சரக்கும், என்பது பாடம். பயம் என்னைப் பழைய வழிக்கே தள்ளியது. நோட்ஸை எடுத்து ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினேன்.

பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து வரும் மாணவன் முருகேசன் எழுந்தான். "என்னா சார், இன்னைக்கு மட்டும் நோட்ஸு? ஏலக்கா வெல ஏறுன கதைய நேத்து பாதியில விட்டீகளே!"

"ஏலே, உக்காரு! பின்னால பாருடா" என்று பக்கத்திலிருந்தவன் அவன் சட்டையை இழுத்தான். வகுப்பே சிரித்தது. தொடர்ந்து வாசித்தால் வேலை ஒருவேளை நிலைக்கலாம். நாளை இவர்கள்முன் எந்த முகத்தோடு நிற்பது?

நோட்ஸை மூடினேன். "வெல ஏறிருச்சுன்னு இன்னைக்குச் செடி வச்சா எப்பக் காய்க்கும்?"

"மூணு வருஷமாகும் சார்!"

"அதுவரைக்கும் அளிப்பு எப்படிக் கூடும்?"

மணியடிக்கும்வரை வாதாடினார்கள். துறைத் தலைவர் எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். தங்கைகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நின்றேன்.

"பயலுக இம்புட்டுப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று கண்ணாடியைத் துடைத்தார். "நோட்ஸ் இல்லாம நின்னா எனக்கு நாக்கு எழும்பாது தம்பி. திங்கக்கிழமை நானும் ஒங்கள மாதிரி நடத்திப் பாக்கப் போறேன். நீங்க வந்து ஒக்காந்து, எங்கன தப்புன்னு சொல்லணும்."

"நானா சார்?"

"பின்ன? நீங்க மட்டும் பயந்தாப் போதுமா?"

திங்கட்கிழமை, அவர் இருமுறை நோட்ஸை எடுத்து வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுப்பதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

அந்த ஆண்டே என் வேலை உறுதியானது. மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்வது எங்கள் துறையின் வழக்கமாயிற்று. செல்வராஜ் மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் லீவு போட்டார். என் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதன்பின் பயம் வரும்போது நான் நோட்ஸைத் தேடவில்லை. யாரையாவது அழைத்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன்.