வெடித்த வயலும் ஒரு கை ஓடைத்தண்ணீரும்

நகரின் ஓரத்தில், ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையின் கடைசித் தொழிற்சாலையைத் தாண்டினால் கனகாம்பாளின் இரண்டு ஏக்கர் கோடை நெல். பக்கத்தில் குடோன் கட்டுகிறவன் அந்த நிலத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் கணவர் விநாயகமூர்த்தி, இன்சீன் ரயில் பட்டறையில் ஓய்வு பெற்றவர், கொடுத்துவிடலாம் என்ற கட்சி. "இந்தப் போகமும் உப்புத்தண்ணியில போச்சுன்னா வித்துடுவோம்" என்றார். அவளும் சரி என்றாள். அவ்வளவு தைரியம் அவளுக்கு. அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

நெல்லென்றால் தண்ணீர் நின்றே ஆகவேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். இவளோ விவசாயப் பயிற்சி வகுப்பில் கற்றபடி, துளை போட்ட குழாயொன்றை வயலில் புதைத்தாள். அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் இறங்கினால்தான் மறுபடி பாய்ச்சுவாள். மண் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து, பக்கத்து வயல் அமீர் அலி, "என்னக்கா, பந்து ஆடப்போறீங்களா?" என்று கேட்டான்.

விநாயகமூர்த்திக்கு மானம் போயிற்று. பௌர்ணமியன்று அவள் நகருக்குள் பபேடானில் இருக்கும் கோயிலுக்குப் போனதும், டீசல் பம்பை ஓடைக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அமீர் அலி ஏற்கெனவே பாய்ச்சிக்கொண்டிருந்தான். கோடையில் பௌர்ணமிக் கடல் ஏற்றத்தோடு உப்பு ஆற்றில் ஏறி ஓடைவரை வந்துவிடும். வயல் காய்கிறதே என்ற பயத்தில் அது யாருக்கும் நினைவிருக்காது.

நல்லவேளை, பழைய பம்பு சாயங்காலம்வரை மக்கர் செய்தது. அது உறுமத் தொடங்கியபோது கனகாம்பாள் வந்துவிட்டாள். ஓடிவந்து நிறுத்தினாள். ஓடைத்தண்ணீரை ஒரு கை அள்ளி அவர் வாயருகே நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

வாயில் வைத்தவர் உடனே துப்பினார்.

"இதையா பயிருக்குக் குடுப்பீங்க? அது ஒரு வாரம் தாங்கும். நீங்கதான் தாங்க மாட்டேங்கறீங்க."

அந்த வாரம் முழுக்கக் குழாயை எட்டிப்பார்ப்பதே அவர் வேலையாக இருந்தது. அவளுக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. ஏற்றம் தணிந்து தண்ணீர் கரிக்காமல் வந்த காலையில், அவரையே பம்பை இறக்கச் சொன்னாள். அமீர் அலியின் பயிர் நுனி கருகிப் பாதி போயிற்று, பாவம். இவள் வயல் தேறிக்கொண்டது. பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீரை வற்றவிடவில்லை. கதிர் நன்றாகவே பிடித்தது.

அறுப்பு முடிந்து முதல் மழை விழுந்ததும் குடோன்காரன் வந்து, நிலத்தை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"மழைப் போகத்துக்கு விதை ஊறப்போட்டாச்சே" என்றார் விநாயகமூர்த்தி.

யாரும் போட்டிருக்கவில்லை. உள்ளே கனகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதைமூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டினாள்.